பதினான்காவது வரி

கனாட்டாவில் பிப்ரவரி. மைனஸ் இருபத்தாறு.
வாகன நிறுத்தத்தில் என் கார் மட்டும்
வெள்ளை மேடாகக் கிடக்கிறது.
ஆய்வகத்தில் நானும்
முப்பத்தெட்டு மணி நேரமாக ஓடும் சோதனையும்.

மூன்றாண்டுக்கொரு முறை வரும் திவசம் இது.
யாருக்கும் நம்பிக்கையில்லை,
நிறுத்தவும் துணிவில்லை.
அரசு டெண்டரின் பதினான்காவது வரி கேட்கிறது:
இயங்குதளம் தரச்சான்று பெற்றதா?
ஆம். இல்லை. இரண்டு கட்டங்கள்.
ஒரு டிக்குக்கு
ஒரு வீட்டின் முன்பணம்.

‘போன தடவை வாங்கியவர்கள்
பெட்டியைப் பிரித்த அன்றே நம்முடையதை அழித்துவிட்டு
லினக்ஸ் போட்டார்கள், தெரியுமா’
என்று ஒடெட் சொன்னபோது சிரித்தேன்.
அவர்கள் போட்டது எந்தப் பரீட்சையும் எழுதியதல்ல.
கீழ்த்தளத்து காபி இயந்திரத்திலும்
என் பாக்கெட்டிலும்
அதன் உறவினர்தான் குடியிருக்கிறார்கள்.
நாங்கள் வளர்ப்பது
ஏட்டுச் சுரைக்காய்.

அதிகாலை மூன்று பத்துக்குத் திரையில் சிவப்பு.
தாய் நிரல் செத்துப்போனால்
பிள்ளை நிரலுக்கு யார் பொறுப்பு?
விதி பெயர் சொல்லவில்லை.
யாராவது ஒருவர் என்கிறது,
யாருமில்லை என்றாகக் கூடாது என்கிறது.
எங்களுடையதோ
லட்சத்தில் ஒரு தரம்
செத்தவளின் எண்ணையே
இன்னும் தாயென்று காட்டிக்கொண்டிருக்கிறது.

கிரெக்கைக் கேட்டால் விலக்கு வாங்கு என்பார்.
அதற்கும் படிவம் உண்டு.
சான்றிதழின் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் போய்ச் சேரும்,
மருந்துச் சீட்டின் பின்பக்கம் போல.

தூக்கம் வராமல்
அதே சோதனையை என் மடிக்கணினி லினக்ஸில் ஓட்டிப் பார்த்தேன்.
தேறியது.
யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல்.
எங்கோ யாரோ ஒருவர்
இதே பக்கத்தைத் திறந்துவைத்து
வரிவரியாகப் படித்துத்தான் எழுதியிருக்கிறார்.

அப்போது கொஞ்சம் கோபம் வந்தது,
யார்மேல் என்று தெரியவில்லை.

படிவத்தை மூடினேன்.
மூன்று வரி திருத்தினேன், அதில் ஒன்று வெறும் அடைப்புக்குறி.
திருத்தினால் முதலிலிருந்து ஓட வேண்டும்;
டெண்டர் நாளை மதியத்தோடு சரி.
ஒடெட்டுக்கு அனுப்பினேன்:
‘இன்னும் நாற்பத்தோரு மணி நேரம்.
கிரெக்கிடம் நீ சொல்கிறாயா?’

வெளியே பனி தள்ளும் லாரி
என் காரைச் சுற்றிக்கொண்டு போகிறது,
அதை எழுப்பாமல்.
பச்சை. பச்சை. பச்சை.
ஒன்றாம் எண்ணிலிருந்து.