நூற்றறுபத்தெட்டு

அண்டி ஆபீஸில் மதிய மணி அடித்த பிறகு
நர்ஸ் ஷைலஜா என் விரலில் கருவியை மாட்டினாள்.
அது என்னைப் படிக்கவில்லை.
இருபத்தாறு வருடத் தோட்டெண்ணெய்க் கறை.
"சுண்டுவிரலைக் காட்டுங்க."
சுண்டுவிரல் கொஞ்சம் மனுஷி நிறத்தில் இருந்தது.

பிறகு கைப்பட்டை. காற்று ஏறி, இறுகி,
புஸ்ஸென்று விட்டது.
மேலே நூற்றறுபத்தெட்டு. கீழே நூற்றிநான்கு.
எடை போடும் மேஸ்திரி எட்டிப் பார்த்தார்,
முழுப்பருப்பா உடைசலா என்று பார்க்கும் அதே கண்ணால்.

"குளி நின்னு எத்தனை மாசம்?"
தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.
வரிசையில் பதினெட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.
ஓணத்துக்கு முன்னே, என்றேன்.

ஈஸ்ட்ரோஜன், என்றாள்.
ஞாயிற்றுக்கிழமை கோயிலில்
கல்யாண ஓலை வாசிக்கையில் காதில் விழும்
இரயுமன்துறைப் பெண்பிள்ளையின் பெயர்போல் இருந்தது.
இத்தனை வருடம் அவள்தானாம்
இரத்தக்குழாய்ச் சுவர்களை இளக்கமாய் வைத்திருந்தது.
கூலி கேட்கவில்லை.
போகும்போது சொல்லவும் இல்லை.
நான் அவளை மாதம் மூன்று நாள்
வயிற்றுவலியாக மட்டும் அறிந்திருந்தேன்.

ரெத்தினபாய்க்கு யாரும் காற்றேற்றிப் பார்க்கவில்லை.
தாடை கடுக்குது என்றாள்; கிராம்பு வைத்தோம்.
முதுகு உளையுது என்றாள்; தைலம் தேய்த்தோம்.
நெஞ்சு என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை,
அது ஆண்களுக்கு வருவதென்று நாங்களும் கேட்கவில்லை.
வாயுவாக்கும் என்று இஞ்சி தட்டிக் கொடுத்தவள் நான்.
ஆசாரிபள்ளம் கொண்டுபோனோம்.
வில்லுக்குறி தாண்டவில்லை.

அன்றைக்கு அவள் முன்னால் தல்லாமல் கிடந்த ஒன்றரைக் கிலோவை
நான்தான் தல்லினேன்.
என் கணக்கில்தான் எழுதினார்கள்.

காலையில் ஒரு மாத்திரை. உப்பு குறைக்கணும். கருவாடு வேண்டாம்.
சாளைக் கருவாட்டை எப்படி வேண்டாம் என்பது,
அதைச் சீட்டில் எழுதவில்லை.

இரவு ரெண்டு மணி. தை மாதப் பனி.
உள்ளே யாரோ அடுப்பை ஊதிவிட்டதுபோல்
கழுத்து வரைக்கும் தீ.
போர்வையை உதறிவிட்டு வந்து
கிணற்றுச் சுவரில் கன்னத்தை வைத்தேன்.
நெஞ்சு எண்ணிக்கை தவறி அடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் லிற்றில் பிளவர்
நைட்டியின் கழுத்தை இழுத்து விசிறிக்கொண்டு
ரப்பர் மரத்தில் சாய்ந்து நிற்கிறாள்.

"எளா, ஒனக்குமா?"
"பேயாக்கும்னு நெனச்சேன் ஒன்ன."
சிரித்தோம்.
பிறகு சிரிக்காமல் கேட்டேன்,
தாடை கடுக்குதா ஒனக்கு?