இரண்டாம் பால்

பால் ஒத்துக்கொள்ளாது என்று
ஹைகிரவுண்ட் டாக்டர் எழுதித் தந்த சீட்டை
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள் செண்பகவடிவு.
பக்கத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்தது
வண்ணாரப்பேட்டைக் கடையொன்றின் நோட்டீஸ்:
வெள்ளைக் குழம்பில் முங்கிக் கிடக்கும் பாஸ்தா,
மேலே துளசி மாதிரி ஒன்று, துளசி இல்லை.
மெர்லின் ஒட்டியது.
ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமாம்.
எல்லாருக்கும் ஒரே சட்டியில் வேண்டுமாம்,
அப்பாவுக்கு மட்டும் ரசஞ்சோறு என்றால்
அவளும் தின்ன மாட்டாளாம்.

முதல் ஞாயிறு முந்திரி அரைத்தோம்.
கெட்டியாய் வந்தது.
கரண்டி தானாய் நின்றது, கொடிக்கம்பம்போல.
ராத்திரி முழுக்க என் நெஞ்சில் கல்.
"பாலுக்கு இது தேவலையா?" என்றாள்.
ஏப்பம் பதில் சொன்னது.

அடுத்த ஞாயிறு காலிஃபிளவர்.
வேகவைத்து அரைத்தால் க்ரீமேதான் என்றார்கள்.
க்ரீமேதான், பார்வைக்கு.
மெர்லின் ஒரு வாய் தின்றுவிட்டுத்
தட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்,
பரீட்சைத் தாளை மறைக்கிற மாதிரி.

மூன்றாம் வாரம்
மகாராஜநகர் உழவர் சந்தையில்
தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து
வெகுநேரம் நின்றாள்.
பிறகு ஒன்றும் பேசாமல்
பீன்ஸ், கேரட், இளசாய் இரண்டு முருங்கைக்காய்.
"பாஸ்தாவுக்கு முருங்கைக்காயா?"
"அதுவும் குழாய்தான, கெடக்கட்டும்."

இரண்டாம் பாலில் காய் வெந்தது.
தண்ணியாய் இருக்கிறதே என்றேன்.
குழைந்த பாசிப்பருப்பு ஒரு கை விட்டாள்.
இஞ்சியைத் தட்டிச் சாறு பிழிந்தாள்.
செல்போனில் ஒரு பெண் வேறென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
அவளை யாரும் பார்க்கவில்லை.
"மொதப் பால் கடைசியிலதான்.
ஒத்தக் கரண்டி போதும்.
கொதிச்சா திரிஞ்சிரும்."

அடுப்பை அணைத்தாள்.
எலுமிச்சம்பழம் பிழிந்தாள்.
உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கியவள்
கையை எடுக்கவே இல்லை வாயிலிருந்து.

"சொதி வச்சிட்டேன்" என்றாள்,
பாலைப் பொங்கவிட்டவள் சொல்கிற குரலில்.

மாப்பிள்ளை சொதி.
தாலி கட்டிய மறுநாள்
பெண் வீட்டில் இலை போட்டு ஊற்றுவது.
எங்களுக்கும் ஒரு மறுநாள் இருந்தது.
சார்பதிவாளர் ஆபீசில் கையெழுத்திட்ட மறுநாள்,
ஆலங்குளத்தில் சிநேகிதன் ரூமில்,
பேப்பர் விரித்துப் பார்சல் புரோட்டா.
சால்னாப் பையின் முடிச்சு அவிழாமல்
பல்லால் கடித்துத் திறந்தாள்.
பதினோரு வருஷமாச்சு.
பேட்டையில் அவள் வீடு,
டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்.

"சொதின்னா இஞ்சிப் பச்சடி வேணும்லா" என்றேன்.
திரும்பினாள். "ஒங்களுக்கு எங்கன தெரியும்?"
தெரியும்.
சீரியல் பல்பு கட்டப்போன
எத்தனையோ கல்யாண வீடுகளில்
மறுநாள் பல்பைக் கழற்றிச் சுருட்டிவிட்டுக்
கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன்.
வாளியின் அடியில் காய் தீர்ந்து
வெறும் பால் மட்டும் வரும்.
அது போதுமென்று நினைத்த வயசு.

"ஜெபராசு" என்றாள், அபூர்வமாய்ப் பேர் சொல்லி.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
இஞ்சி சீவ உட்கார்ந்தாள்.
நான் உருளைக்கிழங்கை வட்டமாய் நறுக்கினேன்,
வட்டம் எனக்கு எப்போதும் கோணும்.

மீந்த முதல் பால் ஒரு கிண்ணம் இருந்தது.
நாளைக்குப் புளித்துவிடும்.
ஒரு ஆள் விருந்துக்குப் போதும்,
பேட்டையில் இரண்டு ஆட்கள்.
இருவருமே அதைத் தட்டுப் போட்டு மூடினோம்,
ஒருத்தர் மூடினது தெரியாமல் இன்னொருத்தர்.

"சீஸ் எங்க?" என்று கேட்ட மெர்லின்
பதிலுக்கு நிற்கவில்லை.
இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு
ஒவ்வொரு குழாயாய் எடுத்து
முருங்கைக்காயை உறிஞ்சுவது மாதிரி
சத்தமாய் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.
சக்கையைத் துப்பப் போனவள்
சக்கை இல்லையென்று கண்டு
அதையும் தின்றாள்.