வருகையாளர் பதிவேடு

பாகலூர் ரோடு, மூன்றாவது கேட்.
பெயர், ஊர், யாரைப் பார்க்க, எதற்காக.
ஏழு மாதமாக நான்தான் எழுதுகிறேன்,
ஏழு மாதமாக முனிவெங்கடப்பாதான் நோட்டை நீட்டுகிறார்.
ஒருநாள் ஊர் என்ற கட்டத்தில்
'இதே ஓசூர்' என்று எழுதினேன்.
அவர் சிரிக்கவில்லை.

உள்ளே ஆறு ஜப்பான் குடும்பம்.
வாசலில் நான் உதறிவிட்டுப் போகும் செருப்பு
திரும்பி வரும்போது
வெளியே பார்த்து ஜோடியாக நிற்கும்.
யார் திருப்பி வைக்கிறார்கள், பார்த்ததில்லை.
'கிளம்பு' என்கிறதா, 'பார்த்துப் போ' என்கிறதா,
கேட்க எனக்கு அந்தப் பாஷை போதாது.

சுகிமோரி அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் தமிழ்.
தக்காளி, தயிர், மீதிச் சில்லறை.
பஸ் மத்திகிரியில் நின்றுபோன அன்று
பதினொரு நிமிடம் லேட்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
டீ மட்டும் ஆறியிருந்தது.
வாழைப்பழம் இன்னும் 'வாரைப்பரம்'தான்;
அவர் பேரை நான் என்ன பாடு படுத்துகிறேனோ.

நேற்று நல்ல மழை. பாடத்தின் நடுவே இருட்டு.
அவர் பையன் கனாத்தா, ஆறு வயசு,
நான் ஓர் எழுத்தும் சொல்லித்தராதவன்,
சோபாவிலிருந்து குதித்துக் கத்தினான்:
'அய்யோ, கரண்ட் போயிடுச்சுப்பா!'
முனிவெங்கடப்பாவின் அதே இழுவை,
தெலுங்கு வாசனை உட்பட.

ஃபீஸ் கவரை இரண்டு கையாலும் தந்தார்,
இரண்டு கையாலும் வாங்கினேன்.
கேட்டில், வெளியே போகும் நேரம் எழுதிக்கொண்டே
'இதில் பாதி உங்களுக்குச் சேரணும்' என்றேன்.
அவர் பேனாவைத் திருப்பிக் கேட்டார்.