பிறப்பின்மைச் சான்று

முப்பத்தொரு வருஷம்
சேலம் ஜிஎச் பிரசவ வார்டில்
நேரம் எழுதிய கை அம்மாவுடையது.
ஆண், இரண்டு கிலோ எண்ணூறு, அதிகாலை நாலு பதினேழு.
பெண், இரண்டு கிலோ நூறு, இரவு ஒன்பது ஐம்பத்தெட்டு.
பத்து என்றே எழுதிவிடேன் என்ற டாக்டரிடம்
"ஜாதகம் கணிக்கிறவன் என்னைத்தான் சார் கேப்பான்" என்றவள்.

அந்தக் கைக்குப்
பிறப்புச் சான்றிதழ் இல்லை.

எடிசனில் குடோன் ஷிஃப்ட்டை
ஒரு குஜராத்திப் பையனிடம் விட்டுவிட்டு
மூன்று வார லீவில் வந்திருக்கிறேன்.
ஃபைலில் என் குடியுரிமைத் தாள், வரிக்கணக்கு,
அம்மாவை நான் காப்பாற்றுவேன் என்று
அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம்,
பத்துப் பக்கம்.
தமிழில் சொல்லிக் காட்டினேன்.
"மாத்திரை மருந்துக்கும் சேத்தா?" என்றாள்.

ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில்
அந்த வருஷத்துப் பேரேட்டைப் புரட்டிய கிளார்க்
"எஸ்டேட் லைன்ல பொறந்ததை எல்லாம் யாருங்க எழுதினா"
என்றார் நிமிராமல்.
பதிவில் இல்லை என்பதற்கு ஒரு சான்று தருவார்கள்.
பிறவாமை கேட்டு உருகியவர்கள் உண்டு;
அம்மாவுக்கு அது
நாலு நடையில், முத்திரையோடு கிடைத்தது.

இனி, பிறந்தாள் என்பதற்குச் சாட்சி.
அவளைவிட மூத்தவராக இருக்க வேண்டும்.
அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.
இன்றும் இருக்க வேண்டும்.
மூன்றாவதில் எல்லாப் பெயரும் உதிர்ந்து
செபஸ்தியம்மா மட்டும் நின்றாள்,
நாகலூர், எண்பத்து நாலு வயது.

ஒண்டிக்கடையில் பஸ் ஏற்றிக் கீழே கூட்டிவந்தோம்.
பதினாலாவது வளைவில் வாந்தி.
அம்மா பழைய பழக்கத்தில்
நேரம் பார்த்துக்கொண்டாள்.

கோர்ட் வாசல் நோட்டரி கேட்டார், தேதி?
"மொளகு பறிப்பு. பனின்னா பனி.
லாந்தர்ல எண்ணெ தீந்துபோச்சு.
கவாத்துக் கத்திய வெந்நில முக்கி
கொடிய அறுத்தது நாந்தான்."
டைப் அடித்த தாளில் ஜூன் ஒன்று.
அந்த வருஷம் சேர்ந்த லைன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும்
ஹெட்மாஸ்டர் கொடுத்த தேதி.
பாஸ்போர்ட்டில் ஏறிவிட்டது, பென்ஷனில் ஏறிவிட்டது,
இனித் தொட்டால் கேஸ் எங்கே போய் நிற்குமோ.

ஒன்பது ஐம்பத்தெட்டைப் பத்தாக்காதவள்
என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.
"ஜூன்ல மொளகு பூ விட்டிருக்கும்" என்றாள்
யாரிடமும் இல்லாமல்.
கையெழுத்துப் போட்டாள்.

செபஸ்தியம்மா பெருவிரலை அழுத்திவிட்டு
அம்மாவின் முந்தானையில் மை துடைத்தாள்.
"எனக்கு இப்பிடி ஒரு காயிதம் வேணும்னா
மூத்தவ எவ இருக்கா?"
குறையாக இல்லை, கணக்காகத்தான் கேட்டாள்.
பஸ்ஸுக்கு ஐநூறு கொடுத்தேன்.
டிக்கெட் போக மீதியை எண்ணித் திருப்பினாள்.

ராத்திரி அஸ்தம்பட்டி வீட்டில்
லேப்டாப்பில் கடைசி ஃபாரம்.
பதினாறு வயதிலிருந்து வசித்த முகவரி எல்லாம் வேண்டும்,
இடைவெளி கூடாது.
நர்சிங் ஹாஸ்டல், குகையில் ஒண்டுக்குடித்தனம்,
அப்பாவோடு மேட்டூர், பிறகு இந்த வீடு.
சொல்லச் சொல்ல அடித்தேன்.
ஹாஸ்டலுக்கும் குகைக்கும் நடுவில்
எட்டு மாசம் சிவப்பாக நின்றது.

"இங்க எங்கம்மா இருந்தே?"
"வாழப்பாடி."
"யார் வீட்ல?"
"கட்டத்துல அதைக் கேக்குதா?"

கேட்கவில்லை.
தெருவும் ஊரும் பின்கோடும்தான்.
தெருப் பெயரை உடனே சொன்னாள், கதவு எண்ணோடு,
நேற்றுத்தான் பூட்டிவிட்டு வந்தவள் போல.

இருபது நிமிஷம் தொடாமல் விட்டால்
பக்கம் தானாக மூடிக்கொள்ளும் என்று
மூலையில் ஒரு எச்சரிக்கை ஓடியது.
அம்மா எழுந்து பால் அடுப்பைப் பார்க்கப் போனாள்.
நான் வா-வில் ஆரம்பித்து
ஆங்கில எழுத்தில் தேடிக்கொண்டிருந்தேன்,
ழ-வுக்கு எதைப் போடுவது என்று.