முப்பத்தாறு பல்

டுராங்கோவில் காலை ஒன்பது மணியிலிருந்து
பிறர் வாயில் பல் எண்ணுகிறேன்.
முப்பத்திரண்டுக்கு மேல் போனதில்லை.
ஒரே ஒருமுறை முப்பத்து மூன்று, லாரி ஓட்டும் எனெகோ.
இரவில் கராஜில் குந்தி
மறுபடி எண்ணுகிறேன்:
வெளிச்சக்கரம் ஐம்பத்திரண்டு,
உள்சக்கரம் நாற்பத்திரண்டு,
பின்னால் பதிமூன்றில் தொடங்கி இருபத்தொன்றில் முடிகிற
குட்டிக் கோபுரம்.

எழுபத்து நான்கில் பற்றவைத்த பிரேம்.
சிவப்பென்றும் சொல்ல முடியாது, ஆரஞ்சென்றும்.
விற்றவன் அச்சகக்காரன்,
"எலும்பு என்னுடையது, பல் உன் பாடு" என்றான்,
நான் யாரென்று தெரியாமலே.

செப்டம்பரில் பழைய சைக்கிள்களின் ஓட்டம்.
எண்பத்தேழுக்கு முன் பிறந்த உதிரிகளுக்கு மட்டும் அனுமதி.
ஓட்டுகிறவர் எப்போது பிறந்தார் என்று
யாரும் கேட்பதில்லை.
வழியில் அரெச்சாகா மேடு,
கடைசி எண்ணூறு மீட்டர் பதினேழு சதவீதம்.

ஹொஷேமி பியரோடு வந்து பார்த்தான்.
"அந்தக் காலத்தில் எல்லோரும் நாற்பத்திரண்டில்தான் ஏறினார்கள்."
எல்லோரும் என்றால்
இருபத்து மூன்று வயது, அறுபது கிலோ,
ஏறுவதற்குச் சம்பளம்.
எனக்கு ஐம்பத்தொன்று.
இடது முழங்காலில் கருவி நுழைந்த இரண்டு தழும்பு,
பாம்பு கடித்த மாதிரி.

எக்ஸ்ரே உறையின் மேல் கணக்குப் போட்டேன்.
நாற்பத்திரண்டுக்கு இருபத்தொன்று:
ஒரு மிதிக்கு நாலேகால் மீட்டர்.
அந்த நாலேகாலை அரெச்சாகாவில்
யார் தூக்குவது?

"சரி, நாற்பத்தொன்று போட்டுக்கொள்"
என்றான், பெரிய மனசு பண்ணி.
ஒரு பல்.
அதற்குக் கீழே அந்தக் கிராங்க் இறங்காது.
ஐந்து திருகும் நிற்கிற வட்டம் அகலம்,
சின்னச் சக்கரத்தைப் பொருத்த இடமில்லை.
இது எனக்குத் தெரிந்த சிக்கல்தான்:
பல்லில் கோளாறு இல்லை,
தாடையை மாற்ற வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம், பிரான்சில், போ நகரில்
ஒரு கிராங்க் கிடைத்தது.
கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் சுற்றிய
பள்ளி ஆசிரியர்களுக்கென்று செய்தது, எழுபத்தொன்றில்.
வட்டம் குறுகல்.
நாற்பத்தெட்டு, முப்பத்தாறு.
பின்னால் பதினான்கிலிருந்து இருபத்தாறு வரை;
அதற்கு மேல் பழைய பின்மாற்றியின் கை எட்டாது.
ஒரு மிதிக்கு மூன்று மீட்டர், கொஞ்சம் குறைய.

முன்மாற்றியைச் சுண்டுவிரல் அகலம் கீழே இறக்கினேன்.
பழைய பிடி இருந்த இடத்தில்
வெயில் படாத வளையம்.
அங்கே தெரிந்தது: ஆரஞ்சுதான்.

ஹொஷேமி முப்பத்தாறைப் பார்த்தான்.
"இது பால் பல்" என்றான்.
பதில் யோசிக்க எனக்கு
மூன்று வாரம் இருந்தது.
நல்ல பதில். இரண்டு வரி.
நோயாளிகளுக்கு மரத்துப் போகும் வரை காத்திருந்த நேரமெல்லாம்
அதைத் தீட்டினேன்.

அரெச்சாகா.
முதல் திருப்பத்தில் பல்லைக் கடித்தேன்,
இரண்டாவதில் கடிப்பதற்கும் தெம்பில்லை.
முப்பத்தாறும் இருபத்தாறும் தையல் மிஷின் போல
ஓடிக்கொண்டிருந்தன.
ஒரு பசு என்னைவிட வேகமாக
வேலியோரம் நடந்தது.
அப்புறம் ஹொஷேமி, இறங்கி,
சைக்கிளைத் தோளால் தள்ளிக்கொண்டு,
இரும்பு லாடம் அடித்த ஷூ தாரில் டக் டக்கென்று.

வாயைத் திறந்தேன்.
பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
ஆறு பல் குறைத்திருந்தேன்,
இரண்டு வரியும் போயிருந்தது.
மூச்சு மட்டும் வந்தது, அதுவும் பாதி.
கடந்து போனேன்.

உச்சியில் ஆட்டுப்பால் சீஸும் ஆப்பிள் ஒயினும்.
அதற்குப் பின் இறக்கம், அதற்குப் பின்
ஆற்றோரமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் சமதளம்.
நாற்பத்தெட்டுக்குப் பதினான்கு.
கால்கள் காற்றைக் கடைந்தன,
வெண்ணெய் திரளவில்லை.
பின்னாலிருந்து ஐம்பத்திரண்டின் ஆழ்ந்த உறுமல்.
ஹொஷேமி என்னருகே வந்து, வேகம் குறைத்து,
திரும்பி, நிதானமாக ஏதோ நீளமாகச் சொன்னான்.
அவனுக்குப் பல் இருந்தது, சொல்லும் இருந்தது.

இன்று திங்கள். எனெகோ வாயைத் திறந்தபடி கிடக்கிறார்.
பதினான்கைக் கழற்றிப் பதிமூன்று போட்டால்?
எக்ஸ்ரே உறையின் மறுபக்கம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.