ஏழாம் கூண்டு

வெஸ்ட்மன்னா நீரிணையில் தீவன மிதவை.
அதன் அடுக்களையில், காபிக் குடுவைக்குப் பக்கத்தில்
சீட்டுக்கட்டு அளவில் மூன்று கணினிகள்.
சோதிக்க ஒன்றின் வயரைப் பிடுங்கினாள் ரன்வா.
மற்ற இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன;
சால்மன் கூண்டுகளின் ஆக்ஸிஜன் கோடு
ஒரே ஒரு விக்கலோடு திரையில் தொடர்ந்தது.

செத்தால் எழுப்பு.
அவள் எழுதிய கோப்பின் சாரம் அவ்வளவுதான்.

இரவு மூன்றுக்கு ஏழாம் கூண்டு பேசவில்லை.
அதன் கன்டெய்னர் விழுந்தது, எழுந்தது,
பதினான்கு முறை.
பதிவுகளைப் படித்துப் படித்துக் கண் எரிந்தது.
காசு கேட்காமல் நிரலைக் கொடுத்தவர்கள் யாரோ,
அவர்களையும் திட்டித் தீர்த்தாள்.

டார்ச்சோடு போன யாக்குப்
வாக்கிடாக்கியில் சிரித்தான்:
"கடல்நாய் வயரக் கடிச்சிருக்கு."

மழைக்கோட்டை மாட்டினாள்.
அதற்குள் பதினைந்தாவது முறை
எழுந்து நின்றது அது,
கேட்க ஒன்றுமில்லாத காதோடு.