நிழல் விழும் பக்கம்

அவர் கண்மணிக்குள் இரண்டு டியூப்லைட்டுகள்
எரிந்துகொண்டிருந்தன.
முதலில் அவற்றை அணைத்தேன்.

சாப்பாட்டுக் கடையில் யாரோ எடுத்த படம்.
வாட்சாப்பில் நாலு கை மாறி
விளிம்பெல்லாம் சதுரம் சதுரமாய் உதிர்ந்து
சிலிம் ரிவரில், கோழிக்கடை மாடியில்
என் கணினிக்கு வந்து சேர்ந்திருந்தது.

மற்ற படம் புஷ்பராணி அக்காவின் கைப்பேசியில்:
மகளின் பதிவுத் திருமணம் முடிந்த மாலை,
லயத்து வாசல், ஐந்தரை மணி,
இடப்பக்கமிருந்து வெயில்
செம்பனை ஓலைகள் சீவிவிட்டு வருகிறது.

"இவர மக பக்கத்துல நிக்க வெச்சுருங்க.
ஒட்டின மாதிரி தெரியக்கூடாது."

பெயர் சொல்லவில்லை.
அடுக்குக்கு 'அவர்' என்றே பெயரிட்டேன்.

வெட்டி எடுப்பது பத்து நிமிட வேலை.
ஓர் ஆளை ஒரு மாலைக்குள் நிறுத்துவதுதான்...
மூக்கடியில் தேங்கிய கறுப்பைத் துடைத்தேன்.
வெயில் பக்கக் கன்னத்தில் மஞ்சள்,
மறுபக்கக் காதுக்கு இருட்டு,
தாடைக்கடியில் புல்தரை எறியும் பச்சை, துளிதான்.
இருந்தால் எவரும் பார்ப்பதில்லை.
இல்லையென்றால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

கைப்பேசி அவர் தோலை மெழுகிவைத்திருந்தது.
என் முன்கையைச் சன்னலோரம் நீட்டிப் படமெடுத்து
அதன் துளைகளை அவர் கன்னத்தில் விதைத்தேன்.
இடுப்புக்குக் கீழே படமே இல்லை.
கால்கள் கோழிக்கடை ஞானப்பிரகாசத்துடையவை,
சிலுவாரும்.
அஞ்சடியில் வெயிலுக்கு நின்று கொடுத்துவிட்டு
"என் காலுக்குக் கல்யாணச் சாப்பாடு உண்டா?" என்றார்.
சப்பாத்து ஓரத்தில் செம்மண் பூசினேன்.

கடைசியாக நிழல்.
பாதத்தடியில் கறுப்பு, விலக விலகச் சாம்பல்,
சிமெந்து வெடித்த இடத்தில் கொஞ்சம் முறிய வேண்டும்.
முறிந்தது.
முறிந்து, போய், மகளின் சேலைக் கொசுவத்தில் ஏறியது.
ஜரிகை அணைந்தது.

அக்கா திரையையே பார்த்திருந்தார்.
"இவரு நிழலு எம்மக மேல விழக்கூடாது."

நிழலை எடுத்துக் காட்டினேன்.
மனிதர் தரைக்கு ஒரு விரல் மேலே தொங்கினார்.
"சம்பந்தி கண்டுபிடிச்சுருவாங்க" என்றார்,
பிறகு, "வெயில மாத்த முடியாதா?"

வெயிலை மாற்றினால்
மாப்பிள்ளையை மாற்ற வேண்டும், சுவரை,
கொடியில் காயும் துண்டை,
அந்தப் பக்கம் தூங்கும் நாயை.
ஓர் ஆளுக்காக அத்தனையையும்.
தலையாட்டினார்,
இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்தவர்போல.

நகர்த்தினேன்.
மகளைத் தாண்டி, மாப்பிள்ளையைத் தாண்டி,
வலது கோடிக்கு, அக்காவுக்கும் அப்பால்.
இப்போது அவர் நிழல்
படத்துக்கு வெளியே விழுந்து
யார் மேலும் இல்லாமல் போனது.

"ஒரு சிக்கல் அக்கா.
இங்க நின்னா உங்க நிழல் அவர் மேல விழும்.
வரைஞ்சுதான் ஆகணும்."

"விழட்டும்."

பிறகு கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே,
"கொஞ்சம் தள்ளியே நிக்கட்டும்.
ஒட்டி நின்னா யாரும் நம்பமாட்டாங்க."

ஒரு முழம் தள்ளினேன்.
ஒளியும் தோலும் செம்மண்ணும் செய்யாததை
அந்த ஒரு முழம் செய்தது.

அச்சுக்கு முன்
படம் முழுக்க ஒரே நுண்மணலைத் தூவினேன்,
வந்தவர்மேலும் வராதவர்மேலும்.
பன்னிரண்டுக்குப் பதினெட்டு, சட்டத்தோடு
நாற்பத்தைந்து வெள்ளி.
ஐந்து வெள்ளித் தாள்களாக எண்ணித் தந்தார்.
ஒன்று ஈரமாயிருந்தது.
வெளியே மழையில்லை.
மீன் வாங்கி வந்திருந்தார்.

அடுக்குகளை நான் இன்னும் ஒன்றாக்கவில்லை.
அக்கா கேட்கவில்லை, நானாகத்தான்.
'அவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
சின்னதாய் ஒரு கண் இருக்கிறது.
அதைத் தொட்டால்
வெள்ளையடித்த சுவர், கொடியில் துண்டு,
ஐந்தரை மணி வெயில்,
அதில் அக்காவின் நிழல்
எதன்மேலும் மடங்காமல்
கால்வாய் வரை.